ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையில் ஒரு மாற்றம் கேட்டுப் போன அனுபவம்

நிரல்மொழி ஒன்றின் தரநிலையில் மாற்றம் கேட்டு வாதாடப் போனால் என்ன நடக்கும், எவ்வளவு நேரம் போகும், எந்த இடத்தில் நாம் தனியாக நிற்போம் என்று தமிழில் யாராவது முன்பே எழுதி வைத்திருந்தால் எனக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். கேட்ட மாற்றம் கிடைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அங்கே நடக்கும் விவாதத்தின் போக்கைத் தெரிந்துகொண்டேன், அது அடுத்து போகிறவர்களுக்குப் பயன்படும்.

நான் கோவையில் தனியாக வலைத்தள வேலைகளை எடுத்துச் செய்பவன். குழந்தைகளுக்கான தமிழ்க் குறுக்கெழுத்து விளையாட்டு ஒன்றைச் செய்துதரும் வேலை வந்தது. கட்டத்துக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். ‘தமிழ்’ என்ற சொல்லைப் போட்டால் மூன்று கட்டத்தில் உட்கார வேண்டும். வலைப்பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் அதன் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது தனித்தனியாக எண்ணுகிறது. சொல்லைப் பின்னாலிருந்து திருப்பிப் போட்டால் புள்ளி முதலில் வந்து அந்தரத்தில் நிற்கிறது. இது பிழை இல்லை. மொழி அப்படித்தான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, யுடிஎஃப்-16 என்ற குறியாக்கத்தின் 16 பிட் அலகுகளாகப் பார்க்கிறது, தமிழின் ஒவ்வொரு குறிக்கும் ஓர் அலகு. நாம் ஓர் எழுத்து என்று பார்ப்பதை, உலக மொழிகளின் எழுத்துக் குறிகளுக்கு எண் தரும் தரநிலையான யூனிகோடு ‘கிரஃபீம் கிளஸ்டர்’ என்கிறது. அதை எப்படிப் பிரிப்பது என்ற விதி யூனிகோடின் 29ஆம் இணைப்பு ஆவணத்தில் இருக்கிறது. அந்த ஆவணத்தின் உதாரண அட்டவணையிலேயே நம்முடைய ‘நி’ இருக்கிறது. அதைப் பார்த்த அன்று எனக்கு வந்த தைரியம் கொஞ்சநஞ்சம் இல்லை. விதியும் இருக்கிறது, உதாரணமும் தமிழ், அப்புறம் ஏன் மொழிக்குள் இது இல்லை?

இப்படி எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் செக்மென்ட்டர் என்ற வசதி ஜாவாஸ்கிரிப்டோடு அப்போதே இருந்தது. குரோமில் 2020இலும் சஃபாரியில் 2021இலும் வந்துவிட்டது. ஆனால் ஃபயர்பாக்ஸில் இல்லை. 2024 ஏப்ரலில், 125ஆம் பதிப்பில்தான் அங்கே வந்தது. விளையாட்டைப் பயன்படுத்தவிருந்த பள்ளிகளில் பல கணினிகளில் ஃபயர்பாக்ஸ்தான். தவிர, அந்த வசதி மைய மொழியின் பகுதி இல்லை. எக்மா-262 என்பது மொழி, எக்மா-402 என்பது அதோடு சேரும் பன்னாட்டு மொழி வசதிகளுக்கான தனித் தரநிலை. ஒரு குழந்தையின் பெயரில் எத்தனை எழுத்து என்று கேட்பது மைய மொழியிலேயே இருக்க வேண்டிய விஷயம் என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். சரத்தின் மீதே நேரடியாக ஒரு மெத்தட் (மொழிக்குள்ளேயே இருக்கும் ஒரு செயல்பாடு), அது எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தரும். நான் கேட்டது இதுதான்.

ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையை வைத்திருப்பது ஜெனீவாவில் உள்ள எக்மா இன்டர்நேஷனல். அதற்குள் டிசி39 என்ற குழு. 1997இல் முதல் பதிப்பு வந்தது. 2015 முதல் ஒவ்வொரு வருடமும் புதிய பதிப்பு வருகிறது. ஒரு முன்மொழிவு 0 முதல் 4 வரையிலான நிலைகளைக் கடக்க வேண்டும். 1ஆம் நிலை என்றால் ‘இந்தப் பிரச்சினைக்கு நேரம் செலவழிக்கலாம்’ என்று குழு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். 2ஆம் நிலைக்கு வரைவு வாசகம் வேண்டும். 2023இன் கடைசியில் 2.7 என்று ஒன்றைச் சேர்த்தார்கள், வடிவமைப்பு முடிந்து சோதனைகள் எழுத வேண்டிய கட்டம் அது. 3ஆம் நிலையில் பிரவுசர்கள் அதைச் செய்து பார்க்கும். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் இன்ஜின்கள் இரண்டில் ஓடி, டெஸ்ட்262 என்ற பொதுச் சோதனைத் தொகுப்பில் தேறிய பிறகுதான் 4. இதெல்லாம் பொதுவெளியில் இருக்கிறது, யாரும் படிக்கலாம். கூட்டக் குறிப்புகள்கூட யார் என்ன பேசினார்கள் என்ற விவரத்தோடு வெளியாகின்றன.

நான் படித்தும் கனம் புரியாமல் கடந்துபோன ஒரு வரி, சாம்பியன் வேண்டும் என்பது. நீங்கள் யாராக இருந்தாலும் யோசனை சொல்லலாம். ஆனால் கூட்டத்தில் அதை முன்வைக்க எக்மா உறுப்பினர் நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர் வேண்டும், அல்லது குழு அழைத்த வல்லுநர் ஒருவர் வேண்டும். சாம்பியன் இல்லாத முன்மொழிவு எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் அப்படியே கிடக்கும். ஆகவே யாராவது தொடங்குவதாக இருந்தால் ஒரு வரி எழுதும் முன் இதைச் செய்யுங்கள்: உங்கள் விஷயத்துக்குப் பக்கத்து விஷயங்களைக் கடந்த நான்கைந்து வருடங்களில் முன்வைத்தவர்கள் யார் என்று கூட்டக் குறிப்புகளில் தேடுங்கள். அவர்களுக்கு அரைப்பக்கத்தில் பிரச்சினையை மட்டும் எழுதிக் கேளுங்கள். எனக்குப் பதில் தந்தவர் ஒருவர்தான், அதுவும் பல வாரம் கழித்து. ஆனால் மிகுந்த மரியாதையோடு, ஆழமாகப் படித்துவிட்டுப் பதில் தந்தார்.

உறுப்பினர் அல்லாதவர் பங்களிக்க வேண்டுமென்றால் காப்புரிமை தொடர்பான ராயல்டி இல்லா ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். நான் சுயதொழில் செய்பவன் என்பதால் சிக்கல் இல்லை. நீங்கள் கம்பெனியில் வேலை செய்பவராக இருந்தால், முதலில் உங்கள் நியமன ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அலுவலக நேரத்துக்கு வெளியே நீங்கள் எழுதுவதும் கம்பெனிக்கே சொந்தம் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.

நான் முதலில் எழுதிய ஆவணம் முழுக்கத் தீர்வு. மெத்தடின் பெயர், அது என்ன திருப்பித் தரும், உள்ளே எப்படி இயங்கும், மாதிரி நிரல். அதைப் படித்தவர்கள் கேட்ட முதல் கேள்வி ‘இது இல்லாததால் யாருக்கு, என்ன கஷ்டம்?’ என்பதுதான். எனக்குக் கோபம் வந்தது. தமிழ் தெரிந்த எவரும் கேட்கத் தேவையில்லாத கேள்வி அது. ஆனால் அந்த இடத்தில் இருப்பவர்களில் தமிழ் எழுதுபவர்கள் எத்தனை பேர்? கேள்வி நேர்மையானதுதான். 1ஆம் நிலையில் முடிவாவதே பிரச்சினை உண்மையா என்பதுதான், தீர்வை அவர்கள் அப்போது கிட்டத்தட்டப் பார்ப்பதே இல்லை. ஆகவே முதல் பக்கம் முழுவதும் பிரச்சினையாக இருக்கட்டும். உண்மையான தளம், உண்மையான படிவம், உண்மையில் உடைந்த பெயர். திரைப்பிடிப்புகளை இணையுங்கள். எங்கள் பக்கம் ஒரு படிவத்தில் பெயரைச் சுருக்கிக் காட்டும்போது கடைசி எழுத்தின் கொம்போ புள்ளியோ வெட்டுப்பட்டுப் போகும். அந்த ஒரு படம் செய்த வேலையை என் மூன்று பக்க விளக்கம் செய்யவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், மனசு வலித்த விஷயம். தமிழ் உதாரணத்துக்கு வராத கவனம் எமோஜி உதாரணத்துக்கு வந்தது. நான்கு பேர் கொண்ட குடும்ப எமோஜி திரையில் ஒரே படம், ஜாவாஸ்கிரிப்டில் அதன் நீளம் 11. இதைக் காட்டியதும் எல்லோருக்கும் உடனே புரிந்தது. எட்டு கோடிப் பேரின் எழுத்து புரியவில்லை, பொம்மை புரிகிறதா என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. பிறகு அதை ஏற்றுக்கொண்டேன். எமோஜியை முதல் உதாரணமாக வைத்து, அடுத்ததாகத் தமிழ், அதற்குப் பிறகு ஹிந்தி, தாய்லாந்து மொழி என்று அடுக்கினேன். கேட்பவருக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினால் பேச்சு ஓடுகிறது. நம் மொழியோடு சேர்த்து இன்னும் பல மொழிகளைக் கொண்டுபோனால் ‘ஒரு மொழிக்காரரின் தனிக் கோரிக்கை’ என்ற எண்ணமும் எழாது.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். இவற்றை முன்பே தெரிந்துகொண்டு போயிருந்தால் பாதி அழைப்புகள் தேவைப்பட்டிருக்காது. முதலாவது, ‘செக்மென்ட்டர் இருக்கிறதே’. இதற்குப் பதில் சொல்வது எளிது என்று நினைத்திருந்தேன். ஆனால் அடுத்து வந்ததுதான் கனமானது. ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசரில் மட்டும் ஓடுவதில்லை, மிகக் குறைந்த நினைவகம் உள்ள சிறு கருவிகளிலும் ஓடுகிறது. எழுத்தைப் பிரிக்க யூனிகோடின் தரவு அட்டவணைகள் வேண்டும், அவற்றை அந்தக் கருவிகள் சுமக்க முடியாது. 402 தனியாக இருப்பதற்கு ஒரு காரணமே இதுதான். நான் விடவில்லை. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் நார்மலைஸ் மெத்தட் 2015 முதல் மைய மொழியில் இருக்கிறது, உரையில் தேடப் பயன்படும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் யூனிகோடு பண்புகள் 2018 முதல் இருக்கின்றன, இரண்டுக்கும் அட்டவணை வேண்டுமே என்று கேட்டேன். நல்ல வாதம் என்று ஒப்புக்கொண்டார்கள். கூடவே, ‘ஆனால் எழுத்தைப் பிரிக்கும் விதியை மொழிக்கு மொழி மாற்றிக்கொள்ள யூனிகோடே இடம் தருகிறது, அப்படியானால் மொழி எது என்று கேட்கும் 402தானே சரியான இடம்?’ என்று திருப்பிக் கேட்டார்கள். அந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை.

மற்ற நிரல்மொழிகளைச் சாட்சிக்கு அழைத்தேன். ஸ்விஃப்ட்டில் சரத்தின் எண்ணிக்கையே கிரஃபீம் கணக்குதான், ‘தமிழ்’ அங்கே மூன்று. ஆனால் ரஸ்ட் அதை நிலையான நூலகத்தில் வைக்கவில்லை, வெளித் தொகுப்பைப் பார்க்கச் சொல்கிறது. ஆக, சாட்சி இரண்டு பக்கமும் பேசியது. யாராவது வேறு மொழியை உதாரணம் காட்டப் போனால் உங்களுக்கு எதிரான உதாரணத்தையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மற்றவர் எடுத்துக் காட்டும்போது மறைத்தது போலத் தெரியும்.

அடுத்தது, விடை மாறும் பிரச்சினை. இதை நான் கொஞ்சமும் யோசித்திருக்கவில்லை. 2023 செப்டம்பரில் வந்த யூனிகோடு 15.1 பிரிக்கும் விதியில் ஒன்றைச் சேர்த்தது. அதனால் தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் போன்ற சில எழுத்துமுறைகளில் கூட்டெழுத்து பிரியாமல் ஒன்றாக நிற்கும். அதற்கு முன் ஹிந்தியின் ‘க்ஷ’ இரண்டு, அதற்குப் பின் ஒன்று. ஒரு தளம் எழுத்து எண்ணிக்கையை டேட்டாபேஸில் சேமித்து வைத்திருந்தால், பிரவுசர் புதுப்பித்த மறுநாள் அதே பெயருக்கு வேறு எண் வரும். மைய மொழியில் ஒரு மெத்தட் இப்படி வருடா வருடம் வேறு விடை தரலாமா? சர்வரில் ஒரு பதிப்பும் பிரவுசரில் வேறு பதிப்பும் ஓடினால் எது சரி? நான் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே இந்த மாற்றம் வந்தது எனக்குப் பெரிய அடி. என் தரப்பு பலவீனமானது அந்த வாரத்தில்தான். ஆனால் உள்ளதைச் சொன்னால், அவர்கள் கேட்டது நியாயம்.

பெயர் பற்றிய விவாதத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று யாரும் ஒதுக்கிவிடாதீர்கள். வரிசையைத் தட்டையாக்கும் மெத்தடுக்கு ஃபிளாட்டன் என்று பெயர் வைத்து, 2018இல் ஃபயர்பாக்ஸ் சோதனைப் பதிப்பில் விட்டதும், அதே பெயரில் தன் மெத்தடை வைத்திருந்த மூடூல்ஸ் என்ற பழைய நிரல் நூலகத்தைப் பயன்படுத்திய தளம் உடைந்தது. கடைசியில் ஃபிளாட் என்று மாற்றினார்கள். இன்குளூட்ஸ் என்று இப்போது நாம் பயன்படுத்துவதும் அதே நூலகத்தோடு மோதியதால் கன்டெய்ன்ஸ் என்ற பெயரை விட்டு வந்ததுதான். இணையத்தில் இருபது வருடத்துக்கு முன் எழுதிய பக்கமும் இன்று ஓட வேண்டும் என்பதில் அந்தக் குழு அசைவதில்லை. சரத்தின் இருபுறமும் நிரப்பும் மெத்தடுகளில் இடது, வலது என்றிருந்ததைத் தொடக்கம், முடிவு என்று மாற்றியதற்குக் காரணம் அரபு, ஹீப்ரு போன்ற வலமிருந்து இடமாக எழுதும் மொழிகள். அந்தக் குறிப்பைப் படித்தபோது நம்மைப் போன்றவர்களின் குரல் அங்கே எடுபடும் என்ற நம்பிக்கை வந்தது.

எல்லாவற்றையும்விட என்னை மாற்றியது ஒரு கேள்வி. ‘எழுத்தைப் பிரித்துத் தந்துவிட்டால் எந்தெந்த வேலைகள் சரியாகும்?’ நான் எல்லாம் என்றேன். அந்தக் கேள்வியைக் கேட்டவர் பொறுமையாக ஒவ்வொரு வேலையாக எடுத்துக் கேட்டார். எஸ்எம்எஸ் எவ்வளவு நீளம் என்று கணக்கிட வேண்டுமென்றால் தேவை கிரஃபீம் இல்லை, தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 என்பது 16 பிட் அலகுக் கணக்கு. படிவப் பெட்டியின் அதிகபட்ச நீளமும் யுடிஎஃப்-16 அலகுக் கணக்கு. டேட்டாபேஸ் பெரும்பாலும் கோட் பாயின்ட் (ஒவ்வொரு குறிக்கும் யூனிகோடு தரும் எண்) கணக்கு. எடிட்டரில் பேக்ஸ்பேஸ் தட்டினால் தமிழில் கடைசிக் குறி மட்டும் அழிவதையே நாம் எதிர்பார்க்கிறோம், ‘நி’யை ‘நு’ என்று திருத்த அதுதான் வசதி. டெலீட் தட்டினால் முழு எழுத்தும் போகும். ஆக, கிரஃபீம் தேவைப்படுவது குறுக்கெழுத்து, சொல்லைத் திருப்புவது, பெயரைச் சுருக்கிக் காட்டுவது, கர்சரை நகர்த்துவது போன்றவற்றுக்கு மட்டும். அந்தப் பேச்சு முடிந்த பிறகு உட்கார்ந்து வேலை ஒரு பத்தி, தேவையான அலகு ஒரு பத்தி என்று அட்டவணை போட்டேன். என் இரண்டு வருடத்தில் மிகவும் மதிப்புள்ள பக்கம் அதுதான். இதை முதல் நாளே செய்யுங்கள். உங்கள் மாற்றம் எதைத் தீர்க்கும் என்பதோடு எதைத் தீர்க்காது என்பதையும் நீங்களே எழுதினால் எதிரில் இருப்பவர் உங்களோடு சேர்ந்து யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

பணக் கணக்கு. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால் கோடைக்காலத்தில் நமக்கு இரவு பத்தரை. அழைப்பு முடிந்து, பேசியதைக் குறித்து வைத்துப் படுக்க இரண்டு மணியாகும். மறுநாள் காலையில் வாடிக்கையாளர் வேலை ஓடாது. அந்தக் காலத்தில் பாதியில் கைமாறிப்போன ஒரு வேலை, எடுக்காமல் விட்ட சின்ன வேலைகள் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. கம்பெனிப் பிரதிநிதிகளுக்கு இது சம்பளத்தோடு சேர்ந்த வேலை, நமக்கு அப்படி இல்லை. வாரத்துக்கு இவ்வளவு நேரம் என்று வரம்பு வைத்துக்கொண்டு இறங்குங்கள். வீட்டிலும் அதைச் சொல்லிவிடுங்கள். என் மனைவி ஒருநாள், ‘இது முடிகிற விஷயமா, முடியாத விஷயமா, அதை மட்டும் சொல்லுங்க’ என்று கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை. அந்த நிச்சயமின்மைதான் பணத்தைவிட அதிகம் வாட்டியது.

முடிவு விவாதத்தால் வரவில்லை. எனக்குச் சாம்பியனாக இருக்க ஒப்புக்கொண்டவர் வேலை மாறினார். புதிய நிறுவனம் எக்மா உறுப்பினர் இல்லை. பிரதிநிதி என்ற தகுதி நிறுவனத்தின் வழியாக வருவது, ஆளோடு போவதில்லை. தகவல் சொல்லி வருத்தப்பட்டு எழுதினார், அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் நிகழ்ச்சி நிரலில் ஏறும் முன்பே முன்மொழிவு நின்றது. நிலை உயர்த்தக் கேட்கும் ஆவணங்கள் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே தயாராக இருக்க வேண்டும், அதற்குள் இன்னொருவரைத் தேட முடியவில்லை. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து இரண்டு சாம்பியன்கள் வேண்டும் என்று நான் இப்போது யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதனால்தான். அங்கே வாக்கெடுப்பு கிடையாது, ஒருமித்த சம்மதம். ஒரே ஒரு பிரதிநிதி உறுதியாக மறுத்தாலும் முன்மொழிவு நிற்கும். அதனால் இரண்டு பேர் இருந்தால் கூட்டத்துக்கு முன்பே மறுக்கக்கூடியவர்களோடு பேசி வைக்கவும் ஆள் கிடைக்கும்.

ஃபயர்பாக்ஸில் செக்மென்ட்டர் வந்த பிறகு விளையாட்டில் நான் சொந்தமாக எழுதியிருந்த பிரிக்கும் நிரலை எடுத்துவிட்டேன். ‘தமிழ்’ மூன்று கட்டத்தில் உட்காருகிறது. ஒன்று மட்டும் பாக்கி. ‘க்ஷ’வும் ‘ஸ்ரீ’யும் இன்னும் இரண்டிரண்டு கட்டம் எடுக்கின்றன. 15.1இல் சேர்ந்த அந்த விதியில் தமிழ் இல்லை. பொதுவாகத் தமிழில் புள்ளி வைத்த எழுத்து அடுத்ததோடு ஒட்டாது என்பதால் அது சரியான முடிவும்கூட. இந்த இரண்டும் விலக்கு. இதை எக்மாவிடம் கேட்டுப் பயனில்லை, கேட்க வேண்டிய இடம் யூனிகோடு கன்சார்ஷியம். ஒவ்வொரு பதிப்புக்கு முன்பும் வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறார்கள், உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. அதற்கான அரைப்பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். பள்ளிப் பாடநூல்களிலும் அச்சுக் கோப்பிலும் இந்த இரண்டையும் ஓரெழுத்தாக எண்ணியிருக்கும் பக்கங்கள் உங்களிடம் இருந்தால், நூலின் பெயர், பதிப்பு ஆண்டு, பக்க எண்ணோடு எடுத்து வையுங்கள். அங்கே சான்றாக எடுபடுவது அதுதான்.